கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு: மலையில் கூடாரம் போட இடம் பார்ப்பது எப்படி?

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள அம்மா ஆகியோரோடு தை மாதக் கடைசியில் இரண்டு இரவு மலையில் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுகிறார். கூடாரத்தைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். கொல்லிமலை, ஏற்காடு, பர்கூர், கடம்பூர், தாளவாடி, வால்பாறை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். கைபேசியில் தேடினால் எல்லா இடமும் மேகத்தின் மேல் மிதப்பது போலவே படம் காட்டுகிறது. எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்கிறார்.

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளையும் உறவுக்காரக் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு நம் பக்கத்து மலைகளில் தங்கி வருகிறேன். அந்த அனுபவத்தில் என்னிடம் மிஞ்சியிருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கூடாரம் போடும் இடத்திலிருந்து குரல் கொடுத்தால் கேட்கும் தொலைவில், வருடம் முழுக்க ஆட்கள் குடியிருக்கும் ஒரு வீடு இருக்க வேண்டும். கூப்பிடு தூரம் என்று நாம் சொல்வோமே, அதைத்தான் சொல்கிறேன். ஆபத்தில் உதவிக்கு ஆள் கிடைக்கும் என்பது அதன் ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன் வேறு. மலையில் குடியிருப்பவர் தன் வீட்டையோ சாளையையோ கட்டியிருக்கும் இடம், மழைத் தண்ணீர் எங்கே ஓடும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, விலங்கு எந்த வழியாக இறங்கும் என்பதையெல்லாம் இரண்டு மூன்று தலைமுறையாகப் பார்த்துத் தேர்ந்த இடம். ஒரு நாள் மாலை போய் இறங்கும் நம்மால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய முடிவைப் பின்பற்றி, அவர் வாசலை ஒட்டித் தங்குவதுதான் நமக்குள்ள வழி.

முதலில் சட்டத்தைப் பேசிவிடுவோம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதும் இரவு தங்குவதும் குற்றம். யாரோ ஒருவர் வழிகாட்டுவதாகச் சொன்னாலும், காசு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தாலும் அந்தக் குற்றம் இல்லாமல் போய்விடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் இறந்தார்கள். அந்தக் குழுக்களில் ஈரோடு, திருப்பூரிலிருந்து போனவர்களும் இருந்தார்கள் என்பதை நம் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணைய வழி முன்பதிவோடு திறந்தது. ஆனால் அவை பெரும்பாலும் வழிகாட்டியோடு பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவதற்கானவை. ஆகவே கூடாரம் போடுவதற்கு உங்களுக்கு உள்ள இடம், முறையாக முகாம் நடத்தும் இடமோ, பட்டா நிலத்தில் இருக்கும் தோட்டமோதான். இடத்துக்காரரிடம் பேசும்போது 'பட்டாவா, வனத்துறை இடமா' என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஒழுங்காக நடத்துகிறவர் அதைத் தவறாக நினைக்க மாட்டார்.

இனி எந்த மலை என்பது. நீங்கள் சொன்ன ஆறு பெயர்களையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். கடம்பூரும் தாளவாடியும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியவை. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. யானைகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் வழியும் அதுவே. ஆசனூரைத் தாண்டிக் காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை சாலையில் நிற்பதை அந்த வழியாகப் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். தாளவாடியில் ராகிக்கும் வாழைக்கும் விவசாயிகள் இரவு முழுக்கப் பரண்மேல் காவல் இருக்கிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரே பரணில் ஏறிப் படுக்கிற ஊரில், தரையில் ஒரு துணிக் கூடாரத்துக்குள் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைக்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பர்கூர் மலைக்காடு 2024இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வந்துவிட்டது. அங்கும் யானை உண்டு. பர்கூர் மாடுகளைப் பார்க்கவும் தாமரைக்கரை வரை போய்வரவும் பகல் பயணம் போதும்.

வால்பாறை எனக்கு மிகவும் பிடித்த ஊர். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அட்டகட்டியில் நின்று திரும்பிப் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் அங்கே கூடாரம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் துண்டு துண்டாகக் காடு இருப்பதால் யானையும் சிறுத்தையும் குடியிருப்புகளை ஒட்டியே நடமாடுகின்றன. சிறு குழந்தைகளைச் சிறுத்தை கொண்டுபோன துயரங்கள் அங்கே நடந்திருக்கின்றன. யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் ஊர்மக்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடே அங்கு உண்டு. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடிப் பக்கம், கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். கூடாரத் துணியால் மழையையும் பனியையும்தான் தடுக்க முடியும். வால்பாறைக்குப் போவதென்றால் ஓட்டுக் கூரையோ கான்கிரீட் கூரையோ உள்ள அறையில் தங்குங்கள்.

மிஞ்சுவது கொல்லிமலையும் ஏற்காடும். இந்த இரண்டில் எதற்குப் போனாலும் தவறில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்குள் தங்க நல்ல இடங்கள் உண்டு. சாலையும் எளிது, சேலம் பக்கத்திலேயே இருக்கிறது. காட்டெருமை நடமாட்டம் மட்டும் உண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் அது தன்பாட்டுக்கு மேயும், கிட்டே போனால்தான் ஆபத்து என்பதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆனால் வார இறுதியில் ஏற்காட்டின் சத்தம் தோட்டத்துக்குள்ளும் வந்து சேரும். உங்கள் குடும்பத்துக்கு நான் கொல்லிமலையைத்தான் சொல்வேன். பெரும்பகுதி 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யானைக்கூட்டங்கள் வாழும் மலை அன்று. மிளகும் காப்பியும் பலாவும் வாழையுமாகத் தோட்டங்கள் மலை முழுக்கப் பரவியிருப்பதாலும், அந்தத் தோட்டங்களுக்குள்ளேயே மக்கள் குடியிருப்பதாலும், கூப்பிடு தூரத்தில் வீடு என்ற என் அளவுகோல் அங்கே எளிதாக நிறைவேறிவிடுகிறது. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் கடைகள் இருக்கின்றன.

தை மாதக் கடைசி நல்ல தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலைச் சாலைகளில் மண்சரிவைக் கொண்டுவரும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் வரை வெயில் சுட்டெரித்து, மாலையில் இடியோடு கோடை மழை இறங்கும். ஆடியில் அம்மியும் பறக்கும் என்பது கூடாரக்காரர்களுக்கென்றே சொன்னது போல இருக்கும். அதோடு ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடப்பதால் கொல்லிமலையில் கால் வைக்க இடம் இருக்காது. தை பிந்தியபின் வானம் தெளிவாக இருக்கும், பனி உண்டு, மழை அரிது. காணும் பொங்கலையும் குடியரசு நாளை ஒட்டிய தொடர் விடுமுறையையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மலையை முடிவு செய்தபின், இடத்துக்காரரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். குறுஞ்செய்தியில் கேட்காதீர்கள், குரலில்தான் ஆளைத் தெரியும். இரவில் அங்கே யார் தங்குவார்கள், அவர்கள் வீடு கூடாரத்திலிருந்து எத்தனை அடி தூரம் என்று கேளுங்கள். 'ஆள் இருப்பாங்க' என்ற பதில் போதாது. பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். கார் எதுவரை வரும், அங்கிருந்து அம்மா எவ்வளவு நடக்க வேண்டும், அந்த நடை இறக்கமா ஏற்றமா என்று கேளுங்கள். மலைக்காரர்களுக்கு 'பக்கந்தாங்க' என்பது ஒரு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றமாகவும் இருக்கலாம். அவர்கள் தினம் நடப்பதால் அப்படிச் சொல்கிறார்களே தவிர ஏமாற்றுவதற்காக அல்ல. கடைசியாக எந்த விலங்கு, எப்போது வந்தது என்று கேளுங்கள். 'போன மாசம் ரெண்டு நாள் பன்னி வந்து கிழங்கைத் தோண்டிருச்சுங்க' என்று சொல்கிறவரை நம்பலாம். 'இங்க ஒண்ணுமே வராதுங்க, நீங்க வாங்க' என்று அவசரப்படுத்துகிறவரிடம் நான் முன்பணம் கட்டியதில்லை. ஒலிபெருக்கி வைக்க விடுவீர்களா என்றும் கேளுங்கள், வேண்டும் என்பவர் கேட்பது போலவே. அவர் தாராளமாகச் சம்மதித்தால், பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கும் அதே தாராளம் கிடைக்கும், உங்கள் குழந்தைகள் தூங்க மாட்டார்கள்.

கழிப்பறையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். இதை நான் மிகுந்த கவனத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் குடும்பத்தோடு போய்ப் பாதியில் திரும்பியவர்களில் பெரும்பாலோர் விலங்குக்கோ மழைக்கோ பயந்து திரும்பவில்லை, கழிப்பறை சரியில்லாமல்தான் திரும்பியிருக்கிறார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளதா, இரவில் விளக்கு எரியுமா, குழாயில் விடிய விடியத் தண்ணீர் வருமா, முழங்கால் வலியுள்ளவர் உட்கார மேற்கத்திய முறைப் பீங்கான் இருக்கிறதா என்ற நான்கும் பெண்கள் நிம்மதியாகத் தங்குவதற்கு அடிப்படை. பாதை பத்திருபது அடிக்கு மேல் இருந்தால், நள்ளிரவில் அம்மாவை அந்தப் பாதையில் நடத்திக் கூட்டிப்போவதை மனதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இனி நிலத்தைப் பார்ப்பது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நான் ஒருமுறை இதில் பெருந்தவறு செய்யப் பார்த்தேன். 27 வயதில் மூன்று நண்பர்களோடு அந்தியூருக்கு அப்பால் மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் ஐப்பசி மாதத்தில் தங்கப் போயிருந்தோம். அந்த அடிவாரத்தில் இப்போது யாரையும் நான் கூடாரத்தில் தங்கச் சொல்வதில்லை. அன்று அந்த யோசனை இல்லை. தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. நம் பக்கத்தில் பள்ளம் என்றால் வெறும் குழி இல்லை, மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் சிற்றோடை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தியூரின் அணைக்கே வரட்டுப்பள்ளம் என்றுதான் பெயர். வெள்ளை மணல் மெத்தை போல விரிந்திருந்த அந்த இடத்தில் கூடாரத்தை விரித்து முளை அடிக்கத் தொடங்கினோம். தோட்டக்காரப் பெரியவர் தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், அங்கிருந்தே சத்தம் போட்டார்: "அங்க வேண்டாமுங்க தம்பி! மேக்க மழை பேஞ்சா பள்ளத்துல தண்ணி சொல்லாம வந்துருமுங்க." வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட மறையவில்லை. மணலை விட்டுப் போக மனமில்லாமல்தான் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அவருடைய மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து மேட்டுக்குப் போனோம்.

இரவு ஒன்றரை மணி இருக்கும். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் முனகி ஏறுவது போல ஒரு சத்தம் கேட்டு எழுந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தபோது மணலைக் காணவில்லை. செந்நிறத் தண்ணீர் குச்சிகளையும் தேங்காய் மட்டையையும் உருட்டிக்கொண்டு ஓடியது. நாங்கள் இருந்த இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. விடிந்தபின் போய்ப் பார்த்தேன். நாங்கள் முளை அடித்த இடத்தின் ஓரத்தில் நின்ற உன்னிச்செடியின் கிளைகளில், என் இடுப்புக்குச் சரியாக, வைக்கோல் துரும்பும் சருகும் ஒரு நெகிழிப் பையின் கிழிசலும் ஒரே மட்டத்தில் கோடு இழுத்தது போலச் சிக்கியிருந்தன. அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே, வெயிலில் வெளுத்து இறுகிப்போன இன்னொரு துரும்புக் கோடும் இருந்தது. முந்தைய வெள்ளத்தின் அடையாளம் அது. முதல் நாள் மாலை அந்தச் செடிக்கு நேர் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அந்தக் கோடு என் கண்ணில் படவே இல்லை.

அன்றுமுதல் எந்த ஓடைப் பக்கம் போனாலும் முதலில் செடிகளின் கிளையிலும் மரவேரிலும் அந்தத் துரும்புக் கோட்டைத் தேடுகிறேன். நீங்களும் தேடுங்கள். அந்தக் கோட்டுக்கு ஓர் ஆள் உயரமாவது மேலே, ஓடையின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருந்தால்தான் அந்த இடம் ஆகும். தை மாதத்தில் வெள்ளம் வராதே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் ஓடைப்பள்ளத்தில் தங்காமல் இருக்க அப்போதும் காரணம் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியாக இறங்கித் தாழ்ந்த இடத்தில் தண்ணீரைப் போலத் தேங்கும். மேட்டில் படுத்தவருக்குப் போர்வை போதும் என்றிருக்கும்போது பள்ளத்தில் படுத்தவருக்குப் பல் கிட்டும். விடியும்போது கூடாரத்தின் உள்பக்கமே நனைந்திருக்கும்.

அதற்காக மலை உச்சியிலும் வேண்டாம். படத்துக்கு அழகாக இருக்கும் விளிம்புப் பாறைகள் காற்றின் பாதையில் இருக்கின்றன, குழந்தைகளோடு அங்கே இரவில் தங்குவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உச்சிக்குக் கீழே, சரிவின் நடுவில் படி போல அமைந்திருக்கும் திட்டுதான் சரியான இடம். காப்பியோ மிளகோ காயப் போடுகிற களம் பெரும்பாலும் அப்படிப்பட்ட திட்டில்தான் இருக்கும். தட்டையாகவும், கல் பொறுக்கியும், தண்ணீர் வடிய வாட்டம் விட்டும் அவர்களே அதைச் செய்து வைத்திருப்பார்கள். தை, மாசியில் களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருக்கலாம் என்பதால், களத்து ஓரமாக இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மண்தரையாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நின்று பாருங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் காலை நீட்டி, மேட்டுப் பக்கம் தலை வைக்கும்படி கூடாரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். குழி போட்டது போல ஒரே இடத்தில் தேங்கி நின்றால் வேறு இடம் பாருங்கள். கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய் விரிக்கும்போது அதன் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் பனியும் மழையும் அதில் விழுந்து வழிந்து உங்கள் படுக்கைக்கு அடியில் வந்து சேரும்.

தலைக்கு மேலே பார்ப்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். மிளகுக்கொடி படர நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்கள் நிழலுக்கு நல்லவை, ஆனால் அவற்றின் கிளை காற்றுக்குச் சட்டென முறியும். காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பலா காய்க்கும் காலத்தில் அதன் அடியில் படுக்கவே கூடாது. தனியாக ஓங்கி நிற்கும் மரத்தடியும் வேண்டாம்; இடி மின்னல் வந்தால் கூடாரத்தை விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கற்குவியல், விறகு அடுக்கு, மூங்கில் புதர், கரையான் புற்று ஆகியவற்றிலிருந்து தள்ளியே இருங்கள்.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தரையில் படுப்பவர்களுக்குக் கட்டுவிரியனால்தான் அதிக ஆபத்து. அது இரவில் நடமாடும். அதன் கடி பெரிதாக வலிக்காது, சில நேரம் தூக்கத்தில் கடித்ததே தெரியாது. ஆகவே ஜிப் வைத்த, அடித்துணி சேர்த்துத் தைத்த கூடாரமாக இருக்கட்டும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஜிப்பை உடனே மூடும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குப் பகலிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். செருப்பை உதறிப் போட வேண்டும், டார்ச் இல்லாமல் கால் எடுத்து வைக்கக் கூடாது. விடியற்காலையில் யாருக்காவது காரணமில்லாமல் வயிற்றுவலியோ, இமை தொங்குவதோ, பேச்சுக் குழறலோ இருந்தால், கடித்த அடையாளம் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சிகளால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலும் நம் மாநிலத்தில் உண்டு. புல்லின்மேல் நேராகப் படுக்காதீர்கள். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலையில் தங்கிவந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அதற்கு ஏற்ற மருந்து தொடக்கத்திலேயே கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஊற்று எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். மேலே என்ன இருக்கிறது, யார் குளிக்கிறார்கள், மாடு எங்கே இறங்குகிறது என்பது நமக்குத் தெரியாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, இரண்டு 20 லிட்டர் கேன்களை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டால் முதல் நாள் கவலை இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி ஊற்றுங்கள். அந்த ஓடைதான் கீழே ஒரு வீட்டுக்குக் குடிநீர்.

தீ மூட்டுவது பற்றி என் கருத்து கண்டிப்பானது. தை கழிந்தால் மலைப்புல் காய்ந்துவிடும். ஒரு பொறி போதும். இடத்துக்காரர் தனியாக அடுப்பு மேடை கட்டி வைத்திருந்து, அவரே பக்கத்தில் இருந்து மூட்டி, படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்துக் கையால் சாம்பலைத் தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் குளிர்காய்ந்துகொள்ளுங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. மூடிய இடத்தில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

குளிருக்கு வேறு வழி இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். நாமக்கல்லில் இதமாக இருக்கும் தை இரவு செம்மேட்டில் நடுக்கும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதில்தான் சூட்சுமம், ஏனென்றால் உடம்பின் சூட்டைத் தரைதான் வேகமாக உறிஞ்சும். விலை உயர்ந்த மெத்தை ஒன்றும் வேண்டாம். கூடாரத்துக்குள் முதலில் ஒரு கோரைப்பாய், அதன்மேல் நான்காக மடித்த பவானி ஜமுக்காளம், அதற்கும் மேலே சென்னிமலைப் போர்வை ஒன்று விரித்துப் படுத்தால் தரைக்குளிர் ஏறாது. நான் எந்த மலைக்குப் போனாலும் எங்கள் வீட்டுப் பழைய ஜமுக்காளம் காரில் இருக்கும்.

வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகளுக்குக் காலையில் வயிறு முட்ட உணவு கொடுத்து ஏற்றாதீர்கள். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடாகிப் பிடிப்பு விட்டுவிடும். இருட்டியபின் மலைச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது. பிற்பகல் 3 மணிக்குள் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே மலை மறைக்கும் தோட்டங்களில் நாலரைக்கே வெயில் போய்விடும், நிலத்தைப் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும். போகும் வழியில் செம்மேட்டு அரசு மருத்துவமனையில் ஒரு நிமிடம் நின்று, இரவில் மருத்துவர் இருப்பாரா, பாம்புக்கடி மருந்து இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். 108ஐ அழைக்கச் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும் தோட்டத்துக்குப் போனவுடன் நடந்து பார்த்துக் கண்டுபிடித்து வையுங்கள். கூடாரத்தில் கிடைக்காத சிக்னல் பத்தடி தள்ளிக் களத்து மேட்டில் கிடைப்பது மலையில் சாதாரணம்.

அம்மாவைக் கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று கடைசியில் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் மட்டும் அவருக்கு வேண்டாம். அறப்பளீசுவரர் கோயிலில் அவர் உட்கார்ந்திருக்க, நீங்கள் குழந்தைகளில் பெரியவரை மட்டும் அழைத்துக்கொண்டு இறங்கி வரலாம். இரவில் அவருக்கு அந்த வீட்டின் உள்ளறையிலோ மூடிய திண்ணையிலோ ஒரு கட்டில் கேளுங்கள். அதற்கென்று தனியாகப் பணம் கொடுத்துவிடுங்கள், வாங்க மறுத்தால் வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அம்மாவின் தலைமாட்டில் ஒரு டார்ச்சும் ஒரு விசிலும் வைத்துவிட்டு, கூடாரத்துக்குப் போய்ப் படுத்தபின் அங்கிருந்து ஒருமுறை சாதாரணக் குரலில் 'அம்மா' என்று கூப்பிட்டுப் பாருங்கள். அவர் பதில் உங்களுக்குக் கேட்டால், அந்த இடத்தில் நீங்கள் முளை அடிக்கலாம்.